பட்டு ஊரில் பட்டு நூற்கும் சிற்றுயிர்கள்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்

காஞ்சிபுரம் என்றவுடன் வெளியூராருக்குக் கோயிலும் பட்டுப்புடவையும் நினைவுக்கு வரும். கோயில்களைப் பற்றித் தமிழ்த்துறை நண்பர்கள் எழுதாத ஆண்டுமலர் இல்லை. பட்டு வாணிபத்தைப் பற்றி வணிகவியல் மாணவர்கள் எழுதிவிட்டார்கள். விலங்கியல் மாணவி ஒருத்தி பட்டைப் பற்றி எழுத என்ன மிச்சம் என்று கேட்கலாம். பட்டு ஒரு பிராணியின் உடலில் சுரப்பது. ஆகவே அது முதலில் எங்கள் பாடம். வணிகவியலுக்கு அது பிறகுதான் வந்தது!

பட்டுக்குப் பேர்போன இந்த ஊரில் பட்டுப்புழுவை நேரில் கண்டவர் மிகச் சிலரே. நாம் நெய்யும் கச்சாப் பட்டு பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது. ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகத் தறி ஓடுகிறது. பாட்டி தார் சுற்றியே கண் மங்கியவர். அப்பா இன்றும் குழித்தறியில் உட்காருகிறார். ஆனால் அந்த நூலைத் தந்த புழுவை இருவருமே பார்த்ததில்லை. கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆளாகிய நான்தான் செய்முறை வகுப்பில், புட்டிக்குள் மருந்தில் ஊறிக் கிடந்த ஒன்றைப் பார்த்தேன். முசுக்கொட்டை இலையைத் தின்று, நான்கு முறை தோலுரித்து, பிறகு ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் நீளமுள்ள ஒரே இழையால் தன்னைச் சுற்றிக் கூடு கட்டிக்கொள்ளும் பாம்பிக்ஸ் மோரி அதுதான். நமக்கு நூல் வேண்டும் என்பதால் கூட்டோடு வெந்நீரில் போகிறது. தப்பி வெளிவரும் அந்துப்பூச்சிக்கும் பறக்கத் தெரியாது. மனிதனிடம் வளர்ந்து வளர்ந்து அந்தத் திறனை இழந்துவிட்டது.

நம் ஊர்ப் பிள்ளைகள் பட்டுப்பூச்சி என்று அழைப்பதோ வேறொன்றை. முதல் நல்ல மழை பெய்து மண் குளிர்ந்த மறுநாள் காலையில், ஏரிக்கரைப் புல்தரையில் வெல்வெட்டுப் பொத்தான்போல ஊர்ந்து வருமே, அந்தச் சிவப்புப் பிராணி. தீப்பெட்டிக்குள் புல்லைப் போட்டு அதை வளர்க்க முயன்றவர்கள் நம் வகுப்பிலேயே பாதிப்பேர் இருப்பார்கள். தம்பலப்பூச்சி, இந்திரகோபம் என்றும் அதற்குப் பெயருண்டு. அதன் கால்களை எண்ணிப் பாருங்கள், எட்டு இருக்கும். ஆகவே அது பூச்சியே அன்று. சிலந்தி, தேள் ஆகியவற்றின் வகுப்பில் உண்ணிகளோடு சேர்ந்தது. டிராம்பிடியம் கிராண்டிசிமம் என்பது நூல்கள் தரும் பெயர். முட்டையிலிருந்து வரும் குஞ்சுக்கு மட்டும் ஆறே கால்கள். அது பிற பூச்சிகளின் உடலில் ஒட்டிக்கொண்டு உறிஞ்சி வாழும். வளர்ந்த பிறகு தானே வேட்டையாடும். ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்குள் கழித்துவிட்டு மழைக்குத்தான் மேலே வருகிறது. நெய்வதற்குரிய பட்டு எதுவும் அதனிடம் இல்லை. மேனியின் மென்மையால் வந்த பெயர் அது.

அகநானூற்றின் 14-ஆம் பாட்டில் இப்பிராணி ‘ஈயல் மூதாய்’ எனப்படுகிறது என்று தமிழ் வகுப்பில் கேட்டதும் எனக்கு ஒரே வியப்பு. ஈயல் என்றால் ஈசல். கலிபோர்னியப் பாலைவனத்தில் வாழும் இதன் உறவினம் ஒன்று, மழைக்குப் பின் பறந்து விழும் ஈசலைத் தின்பதற்காகவே சில மணி நேரம் வெளிவருகிறது என்று 1960-களில் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். ஈசலையும் மூதாயையும் சேர்த்துப் பெயரிட்டவர் இரண்டும் ஒரே காலையில் ஒரே மண்ணில் நடமாடுவதைப் பார்த்தவராகத்தான் இருக்கவேண்டும். இது என் ஊகமே; தமிழ்த்துறைப் பேராசிரியர்கள் பொறுத்தருள்க.

பட்டுப்பூச்சி என்னும் பெயரைச் சுமப்பதற்குப் பட்டு இல்லை. பட்டுக்கு உரிய புழுவோ இவ்வூரில் இல்லை. அப்படியானால் காஞ்சிபுரத்தில் பட்டு நூற்கும் உயிர் எதுவுமே இல்லையா? நிறைய இருக்கின்றன. உடலுக்குள் நீர்மமாகச் சுரந்து, வெளியே இழுக்கப்படும்போது இழையாக இறுகும் புரதம் எதுவானாலும் விலங்கியலில் அது பட்டுத்தான். பட்டுப்புழுவுக்கு அது வாயருகே சுரக்கிறது. சிலந்திக்கு வயிற்றின் நுனியில். இந்தக் கணக்கில் பார்த்தால் நம் வீட்டுச் சுவரிலும் வேலியிலும் மாமரத்திலும் நூற்பு ஓயாமல் நடக்கிறது. சென்ற ஆடி முதல் தை வரை நான் பார்த்துக் குறித்தவற்றுள் சிலவற்றை இங்கே எழுதுகிறேன். இதற்குக் கருவி பெரிதாக ஒன்றும் வேண்டியதில்லை. அப்பா இழை எண்ணுவதற்கு வைத்திருந்த பூதக்கண்ணாடி, ஒரு கைவிளக்கு, ஒரு நாற்பது பக்க நோட்டு, இவ்வளவே.

முதலில் சுவர். சுண்ணாம்புச் சுவரில் வெள்ளரி விதைபோல் தட்டையாக, சாம்பல் நிறத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒன்றை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். தூசி என்று நினைத்துத் துடைத்துவிடுவோம். ஐந்து நிமிடம் பொறுமையாக இருந்தால் தூசி நடக்கும்! அதன் ஒரு முனையிலிருந்து சிறு புழு தலையை நீட்டிச் சுவரைப் பற்றிக்கொண்டு உறையை இழுத்துச் செல்கிறது. குறுக்கே ஈர்க்குச்சியை வைத்தேன். உள்ளே போய்த் திரும்பி மறுமுனை வழியாகத் தலையை நீட்டிப் புறப்பட்டுவிட்டது. உறைக்கு இரு பக்கமும் வாசல். துணி அரிக்கும் அந்துப்பூச்சிகளின் குடும்பத்தைச் சேர்ந்த ஃபெரியோசியா என்னும் அந்தின் புழு இது. தான் நூற்ற பட்டால் உறை செய்து, வெளிப்புறம் மணலையும் தூசியையும் பதித்துக்கொள்கிறது. கண்ணாடியில் பார்த்தால் உட்புறம் வெண்பட்டு. வெளிப்புறம் கிழிந்த கோணி. எங்கள் தறிவீட்டுச் சுவரில் இருந்த உறைகளில் மணலோடு சிவப்பும் பச்சையுமாகப் பட்டுத் துகள்களும் ஒட்டியிருந்தன. தறியடியில் உதிர்ந்த இழைகளை எப்படியோ எடுத்துக்கொண்டிருக்கிறது. அதைக் கண்ட அன்று எனக்கு இருந்த மகிழ்ச்சியை எழுத்தில் சொல்ல முடியாது. அம்மாவுக்கோ புடவையை அரித்துவிடுமோ என்ற கவலை. இப்புழுவுக்குப் பிடித்த உணவு பழைய ஒட்டடையும் உதிர்ந்த முடியும் செத்த பூச்சியுமே என்று படித்துக் காட்டினேன். ‘எதற்கும் பீரோப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்’ என்று சொல்லிவிட்டார்.

வரதராசப் பெருமாள் கோயிலின் பொன் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டுக் கும்பிட எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். பல்லிக்கு இரையாகும் இவற்றைத் தேடி ஒருவரும் வருவதில்லை.

அடுத்து வேலி. எங்கள் தெருக்கோடியில் செம்பருத்தி வேலியில் மஞ்சளும் பழுப்புமாகப் பட்டை போட்ட பெரிய பெண் சிலந்தி ஒன்று ஐப்பசி முழுவதும் இருந்தது. ஆர்ஜியோப் அனசூஜா என்பது அதன் பெயர். வலையின் நடுவே வெண்பட்டால் வளைவு வளைவாகப் பெருக்கல் குறி போட்டு, அந்தக் குறியின்மேலேயே கால்களை இரண்டிரண்டாகச் சேர்த்து வைத்துத் தலைகீழாக உட்கார்ந்திருக்கும். அந்தக் குறி எதற்கு? இரையைக் கவர என்கிறார் ஒருவர். பறவைகள் வலையை அறுக்காமல் எச்சரிக்க என்கிறார் மற்றொருவர். பகைவரிடமிருந்து மறைய என்கிறார் இன்னொருவர். நூறாண்டுக்கு மேலாக வழக்கு தீரவில்லை. நான் பார்த்த சிலந்தி எல்லா நாளும் குறி போடவில்லை. பதினெட்டு விடியல்களில் ஏழில் முழுக் குறி, ஆறில் பாதிக் குறி, மற்ற நாளில் வெறும் வலை. ஒரே ஒரு சிலந்தியைப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வது முறையாகாது.

வலை கட்டுவதைப் பார்க்க விடியலுக்கு முன்பே எழவேண்டும். முதலில் காற்றில் ஓர் இழையை விட்டுப் பாலம் அமைக்கிறது. பிறகு சட்டம், பிறகு நடுவிலிருந்து நாற்புறமும் ஆரங்கள். இவையே பாவு. பாவு ஓடி முடிந்ததும் நடுவிலிருந்து வெளிப்புறமாக அகல இடைவெளி விட்டு ஒரு சுற்று. இது ஒட்டாத நூல், வெறும் சாரம். கடைசியாக வெளியிலிருந்து உட்புறமாக ஒட்டும் நூலை நெருக்கமாகச் சுற்றிக்கொண்டே, சாரத்தை அறுத்துத் தின்றுகொண்டே வருகிறது. இதுவே ஊடை. பழைய வலையைத் தின்று அந்தப் புரதத்தையே புதிய வலைக்கு எடுத்துக்கொள்ளும் வழக்கம் வட்டவலைச் சிலந்திகள் பலவற்றுக்கு உண்டு. கழிவு நூல் இல்லாத நெசவு!

‘இதைப் பார்க்கவா பி.எஸ்ஸி.?’ என்று கேட்டுக்கொண்டே ஒருநாள் அப்பாவும் வந்தார். வலைமேல் தண்ணீரைப் பூவாகத் தெளித்துக் கண்ணாடியை அவர் கையில் கொடுத்தேன். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, ‘பாவு விறைப்பா இருக்கு, ஊடை மட்டும் தொய்யுது. இது ரெண்டு வேற நூலும்மா’ என்றார். புத்தகத்தில் நான் ஒரு வாரம் தேடிப் படித்ததை அவர் பார்த்த அளவில் சொல்லிவிட்டார். உண்மையிலேயே அவை வேறு வேறு நூல்கள். வட்டவலைச் சிலந்தியின் வயிற்றில் ஏழு வகைப் பட்டுச் சுரப்பிகள் உள்ளன. பாவுக்கு ஒன்று, ஊடைக்கு ஒன்று, ஊடையில் முத்து முத்தாகப் படியும் பசைக்கு ஒன்று, இரையைப் பொதிவதற்கு ஒன்று, முட்டைப் பைக்கு ஒன்று என்று வகைக்கொரு வேலை. ஊடை இரு மடங்குக்கு மேலும் நீளும். மோதிய பூச்சி எம்பித் தெறிக்காமல் இருப்பது அந்தத் தொய்வினால்தான். மறுநாள் முதல் அப்பா இக்கேள்வியைக் கேட்கவில்லை.

சிலந்திப் பட்டால் நெய்ய முடியாதா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நெய்திருக்கிறார்கள். மடகாஸ்கர் தீவில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பொன்வலைச் சிலந்திகளைப் பிடித்து, ஒவ்வொன்றிடமிருந்தும் நூலை இழுத்துக்கொண்டு திரும்ப விட்டு, சாயமே இடாத பொன்னிறத் துணி ஒன்றை நெய்தனர் சைமன் பியர்ஸ், நிக்கோலஸ் காட்லி என்னும் இருவர். 2009-இல் அது நியூயார்க் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது. தொழிலாக இது நடவாது. ஏனென்றால் சிலந்திகளை ஒரே இடத்தில் அடைத்து வைத்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். கூடி வாழும் சிலந்தியும் இல்லாமல் இல்லை. ஏரிக்கரை முட்செடிகளில் அழுக்குப் பஞ்சுபோல் தொங்கும் கூட்டைப் பிரித்தால் உள்ளே ஸ்டெகோடைஃபஸ் என்னும் சாம்பல்நிறச் சிலந்திகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். அவற்றின் நூலில் பசை இல்லை. பின்காலிலுள்ள சீப்பால் வாரிப் பஞ்சாக்கிய நூல் அது. குஞ்சுகள் வளர்ந்ததும் தாயையே உண்கின்றன.

இனி மாமரம். ஏகாம்பரநாதர் கோயிலின் தலமரமும் மாதான். ஆனால் நான் பார்த்தது எங்கள் தெருப் பள்ளிக்கூடத்துக் கொல்லையில் நின்ற மரம். அதில் முசுறு எறும்புகளின் கூடுகள் பதினொன்று இருந்தன. ஈகோஃபில்லா ஸ்மராக்டினா என்னும் இவ்வெறும்பை ஆங்கிலத்தில் நெசவாளி எறும்பு என்றே அழைக்கிறார்கள். கடித்த இடத்தில் அமிலத்தையும் தெளிக்கும். பார்க்கப் போகிறவர்கள் முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்வது நல்லது.

கூட்டின் ஓரத்தில் தையலை ஈர்க்குச்சியால் ஒரு விரல் நீளம் பிரித்துவிட்டுத் தள்ளி நின்றேன். சில நிமிடங்களில் கூட்டம் கூடிவிட்டது. இலையின் ஒரு விளிம்பைப் பின்கால்களால் பற்றிக்கொண்டு மறுவிளிம்பைத் தாடையால் கவ்வி இழுக்கின்றன. எட்டாத இடத்தில் ஓர் எறும்பின் இடுப்பை இன்னோர் எறும்பு கவ்வி, அதன் இடுப்பை மற்றொன்று கவ்விச் சங்கிலியாக நின்று இழுக்கின்றன. விளிம்புகள் நெருங்கியதும் உள்ளேயிருந்து வேறு எறும்புகள் வந்தன. ஒவ்வொன்றின் தாடையிலும் ஒரு வெள்ளைப் புழு. அந்தக் கூட்டின் பிள்ளைகள் அவை. எறும்பு தன் பிள்ளையின் தலையை இந்த இலைவிளிம்பில் தொடுகிறது. புழுவின் வாயிலிருந்து இழை ஒட்டுகிறது. அங்கிருந்து மறுவிளிம்புக்குக் கொண்டுபோய்த் தொடுகிறது. மீண்டும் இங்கே. மீண்டும் அங்கே. ஒரு புழுவை நான் முப்பத்திரண்டு தடவை வரை எண்ணினேன். பிறகு கூட்டத்தில் அது மறைந்துவிட்டது. பிரித்த இடத்தில் மாலைக்குள் வெண்ணிறத் தாள்போல் பட்டு மூடியிருந்தது.

வளர்ந்த முசுறுக்குப் பட்டு சுரக்காது. புழுவுக்கு மட்டுமே சுரக்கும். மற்றப் பல எறும்பு இனங்களில் புழு அந்தப் பட்டால் தனக்குக் கூடு கட்டிக்கொண்டு அதற்குள் உருமாறும். முசுறுப் புழுவோ தன் பட்டு முழுவதையும் வீட்டுக்குக் கொடுத்துவிடுவதால் கூடின்றி வெற்றுடம்போடு கூட்டுப்புழு ஆகிறது.

இதையும் அப்பாவுக்குக் காட்டினேன். ‘நாடா’ என்றார் உடனே. ஆம், பாவுக்கு ஊடே இங்குமங்கும் ஓடும் நாடாவேதான். ‘நாடா இல்லைப்பா, குழந்தை’ என்றேன். அவர் கண்ணாடியைத் திருப்பித் தந்துவிட்டார். வீட்டுக்கு வரும் வழியில், ‘நான் கோர்வைக்கு நின்னப்ப ஏழு வயசு’ என்று மட்டும் சொன்னார்.

தறி அறியாத வாசகர்களுக்கு ஒரு விளக்கம். உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக நெய்வது கோர்வை. அதற்கு மூன்று நாடா ஓடவேண்டும். நெய்பவர் ஒருவரால் முடியாது. பக்கத்தில் நின்று கரை நாடாவைத் தள்ள இன்னோர் ஆள் வேண்டும். முன்பு அந்த இடத்தில் நின்றவர்கள் பெரும்பாலும் பிள்ளைகள். 1986-ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்த பிறகும், வீட்டோடு குடும்பத்தார் செய்யும் தொழிலுக்கு விலக்கு இருந்தபடியால் பல ஆண்டுகள் அந்த வழக்கம் ஓயவில்லை. எறும்பைப் பார், அதுவும் பிள்ளையை வைத்துத்தானே நெய்கிறது என்று யாராவது சொல்லக்கூடும் என்பதால் இதை எழுதுகிறேன். முசுறுப் புழு கொடுப்பது பட்டை மட்டுமே. அது நெய்த இலைக்கூடே அதற்கும் காவல். சில நாளில் அதுவும் முழு எறும்பாகிக் கூட்டத்தில் சமமாக நடமாடும். கோர்வைக்கு நின்ற பிள்ளை கொடுத்தது பள்ளிக்கூடத்தை. இரண்டும் ஒன்றாகா. என்னையும் தம்பியையும் அப்பா ஒருநாளும் தறிப்பக்கம் நிறுத்தியதில்லை. கோர்வைக்கு அம்மாதான் நிற்கிறார்.

முசுறுவுக்கு வேறு பெருமையும் உண்டு. சீனத்தில் ஆயிரத்து எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே இதன் கூடுகளைச் சந்தையில் வாங்கி நாரத்தை வகை மரங்களில் கட்டிப் பூச்சிகளை ஒழித்தார்கள். உயிரியல் முறைப் பூச்சிக் கட்டுப்பாட்டுக்கு உலகில் மிகப் பழைய சான்றாக இதையே பாடநூல்கள் காட்டுகின்றன. நம் மாந்தோப்புக்காரர்கள் மருந்தடிக்கும்போது முதலில் இதைத்தான் ஒழிக்கிறார்கள்.

அந்த மாமரத்தில் இன்னொன்றும் இருக்கிறது. முசுறுக் கூட்டத்துக்குச் சற்று ஒதுங்கி, தனியாகத் திரியும் ‘எறும்பு’ ஒன்றைக் கண்டால் விட்டுவிடாதீர்கள். அதே செம்பழுப்பு நிறம்; அதே ஒல்லி இடுப்பு. தலைக்கு முன் இரண்டு உணர்கொம்புகளை ஆட்டிக்கொண்டு முசுறுவைப் போலவே நடக்கும். ஆனால் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால் அவை உணர்கொம்புகள் அல்ல. உயர்த்திப் பிடித்த முன்னங்கால்கள். தலையின் இருபுறமும் உள்ள கறுப்புப் பொட்டுகளுக்கு முன்னால் வேறு பெரிய கண்கள் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும். கால்களை எண்ணினால் எட்டு. மிர்மபிளாட்டா பிளாட்டலியாய்டிஸ் என்னும் குதிக்கும் சிலந்தி இது. 1869-இல் பிக்கார்ட் கேம்பிரிட்ஜ் என்பவர் விவரித்துப் பெயரிட்டார். முசுறுவின் கடிக்கு அஞ்சிப் பல பறவைகளும் பூச்சிகளும் விலகிப் போவதால் அந்த வேடம் இதற்குக் காவல். ஆண் சிலந்தியின் தாடைகள் நீண்டு பருத்து முன்னே நீட்டிக்கொண்டிருக்கும். இன்னோர் எறும்பைத் தூக்கிச் செல்லும் எறும்புபோலத் தோன்றும். அந்த மரத்தில் மார்கழி வரை நான் கண்டவை நான்கு. மூன்று பெண், ஒன்று ஆண்.

கால்களை எண்ணுமளவுக்கு அது நின்று கொடுக்காவிட்டால் வேறொரு சோதனை இருக்கிறது. அது இருக்கும் இலையை விரலால் மெல்லத் தட்டுங்கள். முசுறுவாக இருந்தால் தலையை நிமிர்த்தித் தாடையை விரித்து எதிர்த்து நிற்கும். சிலந்தியாக இருந்தால் விளிம்புக்கு ஓடிக் கீழே விழும். விழுந்தது தரையைத் தொடாது. இலைக்கும் அதற்கும் இடையில், வெயில் பட்டால் மட்டுமே தெரியும் ஓர் இழை இருக்கும்.